அடி பூஜ்யம், தாங்கு இரண்டு

எங்கள் வீட்டுக்காரருக்குச் சீட்டாட்டம் வராது. ரம்மியில்கூடத் தோற்கிற கை. அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும் ஒரு பை நிறையச் சீட்டுகளைக் கொண்டுவந்து என் கட்டில்மேல் கொட்டினார். கொட்டின வேகத்தில் அத்தனையும் சரிந்து என் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தன. கட்டில் அப்படி. டாக்டர் சொன்னபடி கால்பக்கம் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தோம்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது தங்குவதற்காகக் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தார்கள். ஊரே தையல் போட்டுப் பிழைக்கிறது, எனக்கும் ஒன்று போட்டுவிட்டார்கள் என்று நான்தான் சொல்லிச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த யாரும் சிரிக்கவில்லை. எட்டாம் மாதம் வரைக்குமாவது எப்படியாவது இழுத்துப் பிடிக்க வேண்டும், அதுவரை பாத்ரூம் போவதற்குத் தவிர எழுந்திருக்கவே கூடாது என்று உத்தரவு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் டாக்குமெண்ட் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, பல்லடம் ரோட்டில் எங்கள் லைன் வீட்டின் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்குச் சும்மா இருக்க வராது. வாய் மட்டும்தான் வேலை செய்யலாம் என்றால் அது என்ன வேலை செய்யும் என்று எனக்கே தெரியும், சமைத்துப் போடக் குண்டடத்திலிருந்து வந்திருந்த மாமியாருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ அவர் பெரும்பாலும் அடுப்படியிலேயே இருந்தார்.

வீட்டுக்காரர் இன்னொரு கம்பெனியில் ட்ரிம்ஸ் ஸ்டோர் பார்த்தார். பட்டன், லேபிள், எலாஸ்டிக், அட்டை எல்லாம் அவர் பொறுப்பு. அங்கே வெளிநாட்டுக் கடை ஒன்றுக்குக் குழந்தைகள் டீ-சர்ட் ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் நெருப்புக் கக்குகிற பறக்கும் பல்லி. ஒவ்வொரு டீ-சர்ட்டோடும் பாலிபேகுக்குள் ஒரு சீட்டுப் பாக்கெட் போட்டுத் தர வேண்டும் என்று பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தார்கள். சரக்கு முடிகிற நேரத்தில் அந்தக் கடைக்கார பையருக்கு மனசு மாறிவிட்டது. பாக்கெட் வேண்டாம், துணி மட்டும் போதும், சீட்டைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம் என்று மெயில் வந்துவிட்டது. என்ன செய்வது என்று மேனேஜரிடம் கேட்டதற்கு, என்னமோ பண்ணிக்கொள் என்றாராம். இவர் மதிய இடைவேளையில் பெட்டியைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் கம்பெனியில் நடந்ததுதான் வேடிக்கை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பூதமோ விலங்கோ பறவையோ இருந்தது. மேல்மூலையில் ஒரு எண் இருந்தது. எங்கள் ஊரில் அட்டையில் எண் அச்சடித்திருந்தால் அது விலை. காலமெல்லாம் விலை அட்டையைத் துணியில் கோத்து அனுப்புகிறவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஏழு போட்ட சீட்டு உசத்தி, ஒன்று போட்ட சீட்டு மட்டம் என்று டெய்லர்கள், செக்கிங் பெண்கள், பேக்கிங் ஆட்கள் எல்லோரும் ஒரே மனதாக முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு ஏழுக்கு ஏழு ஒன்று என்று மாற்றிக்கொண்டார்கள். பறக்கும் பல்லிகள் தையல் மெஷின் தலையிலும் பைக் டேங்கிலும் ஏறின. ஊருக்குப் போகிற வடக்கத்தி ஆட்கள் பெரிய எண்ணாகப் பார்த்துப் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்தார்கள். ஒன்று போட்டவை கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குப் போயின. ஒரு பட்டன் கீழே கிடந்தாலும் பொறுக்காத மனுஷன், மூட்டையிலிருந்து அவற்றை எல்லாம் பொறுக்கிக் கட்டி எனக்குக் கொண்டுவந்திருந்தார். கூடக் கொஞ்சம் பெரியவையும் இருந்தன, அவை அவருடைய பங்கு.

பாக்கெட்டுக்குள் எறும்பு எழுத்தில் ஒரு விதித்தாள் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் பயமில்லை, பொழுதும் இருந்தது. மல்லாந்து படுத்தபடியே படித்தேன். படித்து முடித்ததும் வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. தையல் பிரிந்துவிடும் என்று மாமியார் கரண்டியோடு ஓடிவந்தார். விஷயம் இதுதான். அந்த எண் சீட்டின் விலை இல்லை, சீட்டுக்கு நாம் கொடுக்க வேண்டிய கூலி. முதல் சுற்றில் ஒரு கூலி கொடுக்கத்தான் நமக்கு வசதி. இரண்டாம் சுற்றில் இரண்டு, மூன்றாம் சுற்றில் மூன்று, இப்படியே ஏறும். ஏழு போட்ட ராட்சசன் வேலைக்கு வர ஏழாம் சுற்று ஆக வேண்டும். அதுவரை அவன் கையில் சும்மா உட்கார்ந்திருப்பான். எதிராளியோ சின்னச் சின்ன ஆட்களை இறக்கி நம்மை அடித்துக்கொண்டே இருப்பான். ஒட்டுமொத்தக் கம்பெனியும் நல்லதை எல்லாம் வேஸ்ட் மூட்டையில் போட்டிருந்தது.

அவரிடம் சொன்னபோது நம்பவில்லை. வேண்டுமென்றே ஒரு ஆட்டம் போட்டு ஐந்தாம் சுற்றிலேயே அவரைக் கவிழ்த்துக் காட்டினேன். கையில் மூன்று ராட்சசர்களைப் பிடித்துக்கொண்டு தோற்ற அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் கம்பெனியில் போய்ச் சொன்னாராம். யாரும் காதில் வாங்கவில்லையாம், ஏழு ஏழாகவே இருந்ததாம்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் விளையாட்டு. சாய்ந்த கட்டிலில் சீட்டு வழுக்குகிறது என்று ஸ்டோரிலிருந்து ஒரு துண்டு ஃப்ளீஸ் துணி கொண்டுவந்து விரித்தார். அதில் வைத்தால் சீட்டு நகராது.

எங்களுக்குள் பெரிய சண்டை ஒரு சின்னச் சீட்டை வைத்துத்தான். அது ஒரு முள்ளெலி. ஏதோ ஒரு கொட்டையின் ஓட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இரண்டு காலில் நின்றது. அவர் அதற்குக் கொட்டாங்குச்சி என்று பேர் வைத்தார். கூலி ஒன்று. எங்கள் பாஷையில் சொன்னால் அடி பூஜ்யம், தாங்கு இரண்டு. அதாவது யாரையும் அடிக்கத் தெரியாது, இரண்டு அடி வரை வாங்கிக்கொள்ளும். எதிராளி நம்மை அடிக்க வரும்போது விருப்பப்பட்டால் அதை முன்னால் நிறுத்தலாம், நமக்கு விழ வேண்டியது அதற்கு விழும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். பாக்கெட்டுக்கு ஒன்று வீதம் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது, எங்கே பார்த்தாலும் அதுதான் கிடந்தது.

அடிக்கத் தெரியாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவருடைய முதல் கட்சி. நான் வக்கீல் மாதிரி வாதாடினேன். முதல் சுற்றிலேயே வருகிறது. அந்த நேரத்தில் வருகிற எதிரிகளுக்கு அடி ஒன்றோ இரண்டோதான், இதை வீழ்த்த அவன் ஒரு சுற்றையாவது செலவழித்தாக வேண்டும். அந்த ஒரு சுற்று நமக்கு லாபம். இது ஜெயிப்பதற்கான சீட்டில்லை, பின்னால் வருகிறது வந்து சேரும்வரை நாள் கடத்துவதற்கான சீட்டு. குறையும் சொன்னேன், நான் ஒன்றும் கண்மூடி இல்லை. கடைசிச் சுற்றுகளில் கைக்கு வந்தால் இது வெறும் அட்டை. ஐந்து அடி அடிக்கிறவன் முன்னால் இரண்டு தாங்குவது நின்று என்ன, நிற்காவிட்டால் என்ன. அதனால் சீட்டுக்கட்டுக்குள் இது மூன்று இருந்தால் போதும், அதற்குமேல் சுமை. ஆனால் அந்த மூன்று இல்லாமல் நான் உட்காரவே மாட்டேன் என்றேன். படுத்துக் கிடப்பவள் உட்கார மாட்டேன் என்று சபதம் போடுகிறாளே என்று அவர் கிண்டல் செய்தார்.

மெல்ல மெல்ல அவரும் கொட்டாங்குச்சியைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்டது இன்னும் மோசமாகப் போயிற்று. முதல் சுற்றில் ஆசையாக இறக்கி வைப்பார். நான் அடிக்கப் போனால் அதை முன்னால் நிறுத்த மாட்டார், அடியைத் தானே வாங்கிக்கொள்வார். அடுத்த சுற்றிலும் அப்படியே. அது பாட்டுக்கு ஓரமாக நிற்கும், ஆட்டக் கணக்கில் இவருக்கிருந்த உயிர் குறைந்துகொண்டே வந்து தோற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விளையாட்டில் விட்டுக்கொடுப்பதைப் போல எரிச்சல் வேறு இல்லை.

"அதோட வேலையே அதுதானுங்க மாமா. முன்னால நிக்கறதுக்குத்தான் அது."

"வேலைதான், நா இல்லீங்கலயே. ஆனா அது அங்க நின்னுட்டிருந்தா நல்லா இருக்குதம்மிணி."

இதுவும் ஒரு மதிப்பா என்று அன்றைக்குத் திட்டினேன். கூலி, அடி, தாங்கு எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பார்க்கலாம், நின்றால் நன்றாக இருக்கிறது என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சீட்டைக் கலைத்தார்.

இப்போது யோசித்தால் அந்தச் சீட்டுக்காக நான் அத்தனை கட்சி கட்டியதற்குக் காரணம் தெரிகிறது. கட்டிலோடு கட்டிலாகக் கிடந்த எனக்கு வேறென்ன அடையாளம்? சம்பாதிக்கவில்லை, சமைக்கவில்லை, ஒரு குடம் தண்ணீர் தூக்கவில்லை. பின்னால் வருகிறது வந்து சேரும்வரை அடியைத் தாங்கிக்கொண்டு கிடப்பது ஒன்றுதான் என் வேலை. நான்தான் அந்த ஓட்டைக் கவிழ்த்துக்கொண்ட முள்ளெலி, எனக்குப் பின்னால் வரப்போகிறதுதான் ஏழு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்தால் நாள் சீக்கிரம் போயிற்று. ஆறாம் மாதம் தாண்டியது. மாமியார் தைரியமாகப் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்துத் துவைத்து மடிக்க ஆரம்பித்தார்.

ஏழாவது மாதம் பிறந்த புதிதில் ஒரு மத்தியானம், படுத்திருந்தபடியே பனிக்குடம் உடைந்தது. நான் இருமவில்லை, திரும்பவில்லை, ஒன்றும் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தத் தையலை வெட்டினார்கள். பெண் குழந்தை. பூனைக்குட்டிபோல ஒரே ஒரு சத்தம் கேட்டது. முகத்தைக்கூடச் சரியாகக் காட்டவில்லை, துணியில் சுருட்டிக் கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். வீட்டுக்காரரும் அதே வண்டியில் போனார். நான் வெறும் வயிற்றோடு இங்கே கிடந்தேன்.

அவளுக்குக் கண்ணாடிப் பெட்டி, மூச்சுக்கு மிஷின், மூக்கு வழியாக ஒரு குழாய். தாய்ப்பால் சொட்டு சொட்டாக அந்தக் குழாயில் விடலாம் என்றார்கள். நான் வீடு வந்ததும் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டதால் வீட்டைவிட்டுக் கிளம்ப விடவில்லை. நான் பீய்ச்சிக் கொடுப்பேன், அவர் பாட்டிலை ஐஸ் நடுவில் வைத்துத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். அவிநாசி வழி பஸ்ஸை விட்டுவிட்டால் சோமனூர் வழி பஸ், அது ஊர் ஊராக நிற்கும். ஐஸ் கரைந்துவிடுமே என்று வழியெல்லாம் மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனதாகச் சொல்வார். திரும்பி வந்து சொல்வதற்கு ஏதாவது ஒன்று வைத்திருப்பார். விரலைப் பிடித்துக்கொண்டாள், கண்ணைத் திறந்தாள், பக்கத்துப் பெட்டியில் இருக்கிற பையனைவிட நம்முடையது முடி நிறைய. எனக்கு அந்தப் பேச்சு போதும், அதைக் கேட்டால் பால் தானாகச் சுரக்கும்.

பார்க்க வந்த ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் எடையைத்தான் கேட்டார்கள். சொன்னால் உச்சுக்கொட்டுவார்கள். அந்த எடைக்கு இத்தனை பாடு வேண்டுமா என்கிற மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சீட்டின் மூலையில் இருந்த எண்ணை மட்டும் பார்த்து வேஸ்ட் மூட்டையில் போட்டவர்கள் மாதிரி ஆட்கள்தான், வேறென்ன? மாமியாரும் ஒரு நாள் கஞ்சி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோழிக்குஞ்சாட்ட இருக்குதாம் கண்ணு. அத எதுக்குப் போட்டு வதைக்கோணும்? உடு, உனக்கு வயசிருக்குது. அடுத்தது நல்லா வரும்."

டம்ளரைச் சுவரில் அடித்தேன். அவர் கஞ்சியைத் துடைத்துவிட்டு எழுந்து போனார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அடுத்தது என்கிற வார்த்தையை அன்றைக்குப் பொறுக்க முடியவில்லை. எனக்கு அடுத்தது வேண்டாம். அவள் அடுத்ததற்காக முன்னால் நிறுத்திவைத்த சீட்டு இல்லை. அவளுக்குப் பின்னால் கையில் வேறு எதுவும் இல்லை. அவள்தான் எல்லாமே.

ஒரு நாள் காலையில் போனவர் மத்தியானமே திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மூளையில் ரத்தக் கசிவாம். மிஷின் ஓடுகிறவரை மூச்சு ஓடுமாம், அதற்குமேல் ஒன்றும் ஆகப்போவதில்லையாம், குழந்தைக்கு வேதனைதானாம். மிஷினை எடுத்துவிடலாமா என்று பெற்றவர்களைக் கேட்கிறார்களாம். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

"நா சொல்ல மாட்டனம்மிணி. என்ற வாயில வராது. நீயே சொல்லு."

அவர் வாயில் வராது என்று எனக்குத் தெரியும். ஒரு முள்ளெலியை முன்னால் நிறுத்தத் தெரியாத மனுஷன் எப்படிச் சொல்வார்? அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நெஞ்சில் கல்லைத் தூக்கி வைப்பதற்கு இந்த வீட்டில் நான் ஒருத்திதானா என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை.

"போதுங்க மாமா. அவளுக்கு வலிக்குது. எடுக்கச் சொல்லலாம். நானும் வர்றேன்."

வாடகைக் காரில் போனோம். அவள் முகத்தை அப்போதுதான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். நர்ஸ் துணியோடு என் மடியில் வைத்தார், துணியோடு சேர்த்தும் கனமே இல்லை. முடி நிறையத்தான் இருந்தது, அவர் சொன்னது பொய் இல்லை. மிஷினை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தானாகவே மூச்சு விட்டாள். அந்தக் கொஞ்ச நேரம் இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடிக்கத் தெரியாது, தாங்கவும் தெம்பில்லை, எந்தக் கணக்கில் போட்டாலும் தேறாது. ஆனால் அவள் இருந்தது நன்றாக இருந்தது. தாங்க வேண்டியவள் நான், விழ வேண்டியவளும் நான். எல்லாம் தலைகீழாகப் போயிற்று. நான் முழுசாக உட்கார்ந்திருந்தேன், அவள் போய்விட்டாள்.

குண்டடத்தில் தோட்டத்து வேலியோரம் ஆண்கள் மட்டும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். பேர் வைக்காத குழந்தைக்குச் சடங்கு எதுவும் கிடையாது. சாயங்காலமே எல்லோரும் அவரவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

பாலுக்கு மட்டும் விஷயம் தெரியவில்லை. நேரத்துக்கு நேரம் சுரந்தது. மார் கல்லாகக் கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து, தொட்டால் உயிர் போகிற வலி. பக்கத்து வீட்டில் ஏதாவது குழந்தை அழுதால் போதும், எனக்கு இங்கே வழியும். மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்று மாமியார் சொன்னார். ஒரு முழம் இரண்டு முழம் போதாது, உதிரிப்பூவாக நிறைய வேண்டும், பழசை எடுத்துப் புதுசு மாற்ற வேண்டும் என்று மகனைக் கடைக்கு அனுப்பினார்.

அவர் வாங்கிவந்த பையைப் பிரித்து மாமியார் வெள்ளைச் சேலைத் துணியில் பூவைப் பரப்பினார். என் மாரில் வைத்து இறுக்கிக் கட்டும்போது அவருக்குக் கண்ணீர் நிற்கவில்லை, துடைக்கக் கையும் ஓயவில்லை. வீடு பூராவும் கல்யாண வீட்டு வாசம். வீட்டுக்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார், உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. என்னவென்று கேட்டேன். இவ்வளவு பூ வாங்குகிறீர்களே, வீட்டில் என்னங்க விசேஷம் என்று பூக்காரம்மா கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொண்ணு பொறந்திருக்குதுங்கன்னு சொல்லிப்புட்டேன்."

அந்தம்மா சந்தோஷப்பட்டு, குழந்தைக்கு என்று சொல்லி இன்னும் ஒரு கை பூவை அள்ளிப் போட்டாராம். பையில் அந்தக் கைப்பிடிப் பூ மட்டும் தனியாக ஒரு இலையில் சுற்றியிருந்தது. மாமியார் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் பிரித்து மற்றதோடு சேர்த்துக் கட்டினார்.